கடைசித் தண்ணி நல்ல தண்ணியா இருக்கட்டும்: கடலோரத்தில் காரைக் கழுவி மீட்கும் முறை

மண்டபத்திலோ பாம்பனிலோ கீழக்கரையிலோ ராத்திரி வெளியே நிறுத்திய காரின் பானெட்டில் விடிகாலையில் விரல் வைத்து இழுத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டும். பனி என்றுதான் பலரும் துடைத்துவிட்டுப் போகிறார்கள். விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். அது உப்பு.

கடல் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை உடையும்போது கிளம்பும் துளி காற்றோடு வந்து வண்டியில் படிகிறது. நம் சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகக் கரைந்து தண்ணீராகும். கடல் உப்போடு கலந்து வரும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதனால் பகல் வெயிலில் காய்ந்ததுபோலத் தெரிகிற உப்பு, பொழுது சாய்ந்ததும் மறுபடி நனைகிறது. மழையே இல்லாத மாசத்திலும் தகரம் ராத்திரி முழுக்க உப்புத்தண்ணீரில் ஊறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி துருவேறிப் பழுதாகி, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத கம்பியும் தனிப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். அதே காற்றுதான் உங்கள் வண்டியின் மேலும் அடிக்கிறது.

எனவே மதுரையில் ஒருவர் கார் கழுவுவதும் இங்கே கழுவுவதும் ஒன்றில்லை. அங்கே தூசியை எடுத்தால் போதும். இங்கே உப்பை எடுக்க வேண்டும், கழுவும் தண்ணீரே புது உப்பைக் கொண்டுவராமலும் பார்க்க வேண்டும்.

எந்தத் தண்ணீர்

நம் ஊர்களில் தண்ணீருக்கே இரண்டு பெயர் உண்டு: நல்ல தண்ணி, உப்புத்தண்ணி. கார் விஷயத்திலும் அந்தக் கணக்கை விடக் கூடாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் கைக்கடக்கமான டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஒன்று வாங்கி வையுங்கள். அது 1000 என்று காட்டினால் ஒரு லிட்டரில் ஒரு கிராம் உப்புச் சத்து இருக்கிறது என்று அர்த்தம். மீட்டர் இல்லையென்றால் கறுப்புக் கண்ணாடித் துண்டில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு வெயிலில் காயவிடுங்கள். வெள்ளை வட்டம் எவ்வளவு கெட்டியாக நிற்கிறதோ, அதுதான் உங்கள் காரிலும் நிற்கப் போகிறது.

கடைசி அலசலுக்கு 200-க்குக் கீழே இருந்தால் நன்று. 500 வரை உள்ள தண்ணீரில் கழுவலாம், ஆனால் காய விடாமல் உடனே துடைக்க வேண்டும். 1000-க்கு மேல் போனால் மண்ணும் சேறும் போக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போர்த்தண்ணீர் 2000 காட்டினாலும் மனம் தளர வேண்டாம். 35,000 உள்ள கடல் உப்பைக் கரைத்து ஓட்ட அது உதவும். அதற்குப் பின் நல்ல தண்ணீர் ஊற்றாமல் விடுவதுதான் தவறு.

குடிக்கிற காவிரித் தண்ணீரைக் குடம் குடமாகக் காருக்கு ஊற்றச் சொல்ல மனம் வராது. தேவையும் இல்லை, 15 முதல் 20 லிட்டர் போதும். மொட்டைமாடி மழைநீர் சேர்க்கிறவர்கள் அதையே பயன்படுத்தலாம். முதல் மழையை விட்டுவிடுங்கள், மாடியில் படிந்த உப்பெல்லாம் அதில்தான் வரும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் கிட்டத்தட்ட வடித்த தண்ணீர். ஒரு வாளி வைத்துப் பிடித்து, துணியில் வடிகட்டினால் கடைசி அலசலுக்கு அதைவிட நல்லது கிடையாது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரில் கார் கழுவும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வீணாக்காமல் இருக்கும் எண்ணம் நல்லதுதான். ஆனால் குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தக் குழாயில்தான் வருகிறது, போர்த்தண்ணீரைவிடக் கரிப்பாக. அது வாசல் கழுவப் போகட்டும்.

கழுவும் வரிசை

வெயில் ஏறுவதற்கு முன், என்ஜினும் பானெட்டும் ஆறிய பிறகு, நிழலில் தொடங்குங்கள். அரிச்சல்முனை போய்வந்த அன்றைக்கு மட்டும் காலை வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு பக்கமும் கடல் அடிக்கும் சாலை அது. வந்த அன்று மாலையே, ஈரம் ஏறுவதற்குள், அடிப்பகுதிக்காவது தண்ணீர் அடித்துவிடுங்கள்.

முதலில் அடிப்பகுதி. பளபளப்பு கண்ணில் படுகிற இடத்தில் எல்லோரும் கழுவுகிறார்கள், துரு பிடிப்பது கண்ணில் படாத இடத்தில். நான்கு சக்கரங்களின் மேல்வளைவுக்குள் கைவிட்டுப் பாருங்கள். மட்கார்டு தகரம் உள்பக்கமாக மடிந்திருக்கும் விளிம்பில், விரல் நுழைகிற அளவு மணல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். தொட்டால் எப்போதும் ஈரமாகவே இருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அதைத் தள்ளி வெளியே எடுத்த பின் தண்ணீர் அடியுங்கள். மணலை எடுக்காமல் தண்ணீர் மட்டும் அடித்தால் அது இன்னும் இறுகும்.

அடுத்து கதவுகளின் அடியில் இருக்கும் வடிகால் துளைகள். ஒவ்வொரு கதவிலும் இரண்டு மூன்று இருக்கும். ஈர்க்குச்சியை நுழைத்து அடைப்பை எடுங்கள். கம்பி விட்டால் உள்ளே பெயிண்ட் கீறி அங்கிருந்தே துரு தொடங்கும். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் தண்ணீர் வெளியேற வேறு வழி இல்லை. வைப்பருக்குக் கீழே உள்ள கறுப்புத் தட்டிலும் வேப்பிலைச் சருகு நிறைந்திருந்தால் அள்ளிவிடுங்கள்.

அடிப்பகுதிக்கு இரண்டு குடம், அதாவது 30 லிட்டர் உப்புத்தண்ணீர் போகலாம். அதன்பின் 10 லிட்டர் நல்ல தண்ணீரைக் கைப்பம்பு தெளிப்பானில் நிரப்பி வளைவுகள், கதவின் அடிப்பட்டி, முன்பின் பம்பரின் உள்பக்கம் என்று அடியுங்கள். மேல்பகுதியைத் துணியால் துடைத்துவிடலாம். அடிப்பகுதியைத் துடைக்க முடியாது, ஊற்றியது அங்கேயே காயும். அதனால் நல்ல தண்ணீர் குறைவாக இருந்தால் அதில் பெரும்பங்கு கீழே போகட்டும். மிளகாய்த் தோட்டத்துக்கு மருந்து அடித்த தெளிப்பானை இதற்கு எடுக்காதீர்கள். எவ்வளவு கழுவினாலும் மருந்து மிச்சம் இருக்கும்.

பிறகு மேல்பகுதி. தேய்க்கும் முன் ஒரு குடம் தண்ணீரைக் கூரையிலிருந்து கீழ்நோக்கி ஊற்றி இரண்டு நிமிடம் ஊறவிடுங்கள். மணல் தானாக நழுவி இறங்க வேண்டும். உலர்ந்த காரில் துணி போட்டால், வெயிலில் சிலந்தி வலைபோலத் தெரியும் அந்த வட்டக் கீறல்கள் வந்துவிடும்.

வாளி இரண்டு வேண்டும். ஒன்றில் 10 லிட்டர் தண்ணீரும் 30 மில்லி கார் ஷாம்பூவும் (பாட்டிலில் வேறு அளவு இருந்தால் அதன்படி), மற்றதில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பூவில் நனைத்து ஒரு பகுதியைத் தேய்த்ததும், வெறும் தண்ணீர் வாளியில் அலசி மண்ணை இறக்கிவிட்டே மறுபடி ஷாம்பூவுக்குப் போக வேண்டும். கூரை, கண்ணாடி, பானெட், டிக்கி, கதவின் மேல்பாதி, கதவின் கீழ்ப்பாதி என்று இறங்கி வாருங்கள். சக்கரத்துக்குத் தனித் துணி. நேர்கோட்டில் தேயுங்கள். துணி துவைக்கும் பவுடரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் போடக் கூடாது. முன்பு பூசிய மெழுகை அவை உரித்துவிடும், உப்புத்தண்ணீரில் நுரைக்காமல் வெள்ளைப் படலமாகவும் ஒட்டும்.

அலசிய பின் மிச்ச நல்ல தண்ணீரைக் கூரையிலிருந்து மெல்ல ஊற்றி உடனே துடையுங்கள். பழைய பனியன் துணி வேண்டாம். தடித்த மைக்ரோஃபைபர் துண்டு இரண்டு போதும், ஒன்று ஈரம் எடுக்க, மற்றது முடிக்க. கதவுகளையும் டிக்கியையும் திறந்து விளிம்புகளைத் துடையுங்கள். டிக்கியில் ஐஸ் மீன் பெட்டி ஏற்றுகிறவர்கள் பாயைத் தூக்கி அடியையும் பார்க்க வேண்டும், பெட்டியிலிருந்து ஒழுகுவதும் உப்புத்தண்ணீர்தான். கடைசியாகத் தெருவில் ஒரு சுற்று ஓட்டி பிரேக்கை நாலைந்து முறை அழுத்துங்கள். டிஸ்க்கில் ஒரே ராத்திரியில் வரும் செம்பழுப்பு அதிலேயே போய்விடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு என்றால் வாரம் ஒருமுறை இது வேண்டும். உச்சிப்புளி, ராமநாதபுரம் பக்கம் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

வெள்ளைத் திட்டு, சொரசொரப்பு, மங்கல்

உப்புத்தண்ணீர் காய்ந்து விட்ட வெள்ளைப் புள்ளி கழுவியும் போகாவிட்டால் அது சுண்ணாம்புச் சத்து. சமையல் வினிகரும் பேட்டரித் தண்ணீரும் (அமிலம் கேட்காதீர்கள், வடித்த தண்ணீர்) சம அளவு கலந்து, துணியில் நனைத்து புள்ளியின் மேல் ஒரு நிமிடம் ஒட்டவைத்து, துடைத்து, ஷாம்பூத் தண்ணீரில் அலசுங்கள். வெயிலில் சூடாக இருக்கும் தகரத்திலும் குரோம், அலுமினியப் பாகங்களிலும் இதைச் செய்ய வேண்டாம். இரண்டு முறை செய்தும் பள்ளம்போல நின்றால் பெயிண்ட்டையே அரித்துவிட்டது என்று பொருள், அதற்கு பாலிஷ்தான்.

கடற்பறவை எச்சத்தில் மீன் முள்ளும் ஓடும் இருக்கும். சுரண்டினால் அதுவே கீறும். ஈரத்துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு, ஊறியதும் அப்படியே அள்ளி எடுங்கள்.

கழுவிக் காய்ந்த காரில், கையை மெல்லிய பாலிதீன் பைக்குள் விட்டுத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள் நன்றாகத் தெரியும். அதற்கு கிளே பார், அதாவது பெயிண்ட்டில் ஒட்டிய துகளை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி. ஒரு துண்டைத் தட்டையாக்கி, ஷாம்பூத் தண்ணீரைத் தெளித்து வழுவழுப்பாக வைத்துக்கொண்டு, அழுத்தாமல் நேர்கோட்டில் இழுங்கள். அழுக்கானதும் மடித்துப் புது முகம் எடுங்கள். கீழே விழுந்த துண்டைத் திரும்ப எடுக்காதீர்கள். நம் ஊர் மணல் ஒன்று ஒட்டியிருந்தாலும் கதவு முழுக்கக் கோடு விழும்.

மங்கலுக்கு பாலிஷ் போடும் முன், மறைவான இடத்தில் வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் வைத்துத் தேயுங்கள். துணியில் கார் நிறம் ஏறினால் மேலே தெளிபூச்சு (நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) இல்லாத பழைய வகைப் பெயிண்ட். ஏறாவிட்டால் தெளிபூச்சு இருக்கிறது. அது வழக்கமாக 40 முதல் 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அதனால் எப்போதும் மெல்லிய பாலிஷில் தொடங்குங்கள், போதாவிட்டால் மட்டும் அதைவிடச் சொரசொரப்பான காம்பவுண்டுக்குப் போங்கள். இரண்டடிக்கு இரண்டடி இடமாக எடுத்து, நாணய அளவு பாலிஷை மூன்று நான்கு இடத்தில் வைத்து, குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, காய்ந்து தூளாவதற்குள் துடையுங்கள். கதவு விளிம்பு, பானெட்டின் மடிப்புக் கோடு ஆகிய இடங்களில் பூச்சு இன்னும் மெல்லிசு. மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு வேலை செய்யுங்கள்.

கூரையிலும் பானெட்டிலும் தெளிபூச்சு வெள்ளையாகப் பொருக்கு உரிகிறதா? அதை எந்த பாலிஷும் மீட்காது. பெயிண்டரிடம் போக வேண்டிய வேலை. பாலிஷில் பணமும் நாளும் செலவழிக்காதீர்கள்.

துரு

மட்கார்டு விளிம்பில் மல்லி விதை அளவு ஒரு கொப்புளம் தெரிந்தால், உள்ளே ஐந்து ரூபாய்க் காசு அளவு துரு ஓடியிருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் மொறுமொறுவென்று உடையும். தகரம் ஓட்டையாகியிருந்தால் டிங்கரிங் கடைக்குத்தான் போக வேண்டும். பட்டி வைத்து ஓட்டையை மூடினால், அடுத்த ஐப்பசி மழைக்குள் பட்டி கட்டியாகக் கழன்று விழும். தகரம் கெட்டியாக இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். மாசி, பங்குனி தோதான மாசங்கள். மழை விட்டிருக்கும், மணலைக் கிளப்பும் மேல்காற்று இன்னும் தொடங்கியிருக்காது.

இந்த வேலை இங்கே திரும்பத் திரும்பத் தோற்பதற்குக் காரணம் ஒன்றே. துருவைச் சுரண்டிவிட்டு உப்பை உள்ளேயே வைத்துப் பெயிண்ட் அடிக்கிறோம். துருவின் நுண்குழிகளுக்குள் உப்பு தங்கியிருக்கும். மேலே பூசிய பெயிண்ட் வழியாகக்கூட ஈரத்தை அது இழுக்கும், ஆறே மாதத்தில் அதே இடத்தில் கொப்புளம் வரும். பெயிண்ட் மட்டம், பெயிண்டர் சரியில்லை என்று அதன்பின் பேசுவோம்.

காலை 8 மணிக்குத் தொடங்குங்கள். மூக்குக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு வேண்டும். 80 நம்பர் உப்புத்தாளால் துருவைச் சுற்றி ஒரு அங்குலம் நல்ல பெயிண்ட் வரை தேயுங்கள், பிறகு 180, கடைசியில் 320. ஓரம் படியாக இல்லாமல் சரிவாக இறங்க வேண்டும், விரலால் தடவினால் தட்டக் கூடாது. இப்போது பஞ்சைப் பேட்டரித் தண்ணீரில் நன்றாக நனைத்து அந்த இடத்தில் பத்து நிமிடம் ஒட்டவைத்து எடுத்து எறியுங்கள். புதுப் பஞ்சு, இன்னொரு பத்து நிமிடம். மூன்று தடவை. குழிக்குள் இருக்கும் உப்பு கரைந்து பஞ்சுக்கு வரும். முடி உலர்த்தும் கருவியால் காயவைத்து அரைமணி நேரம் விட்டுப் பாருங்கள். பளபளத்த தகரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஊசிமுனைப் புள்ளிகள் எழுந்தால் உப்பு இன்னும் இருக்கிறது, 320-இல் லேசாகத் தேய்த்து மறுபடி பஞ்சு வையுங்கள். எழாவிட்டால் மேலே போகலாம். இந்த அரைமணி நேரத்தைத்தான் யாரும் கொடுப்பதில்லை.

குழிக்குள் கறுப்பாக மிஞ்சிய துருவுக்கு மட்டும் ரஸ்ட் கன்வர்ட்டரைச் சிறு பிரஷ்ஷால் தடவுங்கள். துரு கறுநீலமாக மாறும். பாட்டிலில் சொன்ன நேரம் வரை காயவிட்டு, அதில் சொன்னபடியே கழுவவோ விடவோ செய்யுங்கள், இரண்டு வகையும் உண்டு. தின்னர் நனைத்த துணியால் சுற்றிலும் துடைத்துவிட்டு எப்பாக்சி பிரைமர். மெல்லியதாக இரண்டு கோட், இடையில் 15 நிமிடம். கன்வர்ட்டரே மறுநாள் வரை காய வேண்டும் என்று சொன்னால் வண்டியை வீட்டுக்குள்ளோ மூடிய கொட்டகையிலோ நிறுத்துங்கள். பிரைமர் ஏறாத வெறும் தகரம் நம் கடற்காற்றில் ஒரு ராத்திரி நின்றால் காலையில் செம்மண் பூசியதுபோல இருக்கும், செய்த வேலை அத்தனையும் வீண்.

மறுநாள் 400 வாட்டர் பேப்பரால் பிரைமரைச் சமப்படுத்தி நிறம் அடியுங்கள். நிற எண் பெரும்பாலும் ஓட்டுநர் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். ஸ்ப்ரே டப்பாவை 25 செ.மீ. தள்ளிப் பிடித்து மூன்று மெல்லிய கோட், பிறகு தெளிபூச்சு இரண்டு கோட். எல்லாம் காலை 9 மணியிலிருந்து 11-க்குள் முடியட்டும். அதன்பின் கடற்காற்று மணலோடு எழும்பும். சாயங்காலம் அடித்தால் காற்றிலுள்ள ஈரம் பெயிண்ட்டில் சிக்கி மேலே பால்போல வெளுக்கும். அப்படி வெளுத்துவிட்டால் சுரண்டாதீர்கள், நன்றாகக் காயவிட்டு 2000 வாட்டர் பேப்பரில் தேய்த்து பாலிஷ் போட்டுப் பாருங்கள்.

வாட்டர் சர்வீஸில் அடிப்பகுதிக்கு டீசலோ கழிவு ஆயிலோ அடித்துத் தருவார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். அது மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரப்பர் புஷ்களை ஊதவைக்கும். அதற்கென்றே வரும் மெழுகு வகை அடிப்பூச்சு இருக்கிறது. அதையும் துரு எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, முழுக்கக் காய்ந்த பிறகே அடிக்க வேண்டும். ஈரத்தின் மேல் அடித்தால் உப்பை உள்ளே பூட்டியதாகும்.

முகப்பு விளக்கு

மஞ்சளேறிய விளக்கு பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயில் அதன் மேல்பூச்சைத் தின்றுவிட்டது. பற்பசை தேய்த்தால் சில வாரம் மினுக்கும், அவ்வளவுதான். சுற்றிலும் டேப் ஒட்டி, தண்ணீர் விட்டுக்கொண்டே 800, 1500, 2000, 3000 என்று வாட்டர் பேப்பர் போடுங்கள். ஒவ்வொரு நம்பரிலும் திசையை மாற்றித் தேயுங்கள், முந்தைய கோடுகள் மறைந்த பின்தான் அடுத்த நம்பர். பிறகு பாலிஷ். அதோடு நிறுத்தினால் சில மாதத்தில் மறுபடி மஞ்சள். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிபூச்சு கட்டாயம் வேண்டும்.

மெழுகும் கவரும்

உப்பு ஒட்டாமல் நழுவ, கழுவித் துடைத்த காரில் மெழுகு பூசுங்கள். கடலோரத்தில் மெழுகு ஓரிரு மாதம் தாங்கும், செயற்கை சீலன்ட் அதைவிட நீளும். கழுவும்போது தண்ணீர் உருண்டு ஓடாமல் பாய்போலப் பரவி நின்றால் மறுபடி பூசும் நேரம். வெளுத்த கறுப்பு பிளாஸ்டிக்குத் தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் வேண்டாம், தூசியைத்தான் சேர்க்கும். தண்ணீர் அடிப்படையிலான டிரிம் டிரெஸ்ஸிங் போதும்.

கார் கவர் நல்லதுதான் என்றாலும் ஆடிக் காற்றில் அது படபடவென்று அடித்து, இடையில் புகுந்த மணலை வைத்தே வண்டியை உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஈரமான காரை மூடினால் உள்ளே அவியும். கீற்றுக் கொட்டகை கடல் பக்கம் மட்டும் அடைத்து, மற்ற பக்கம் திறந்து காற்றோடினால் கவரைவிட எவ்வளவோ மேல். கொட்டகை போட இடம் இல்லாதவர்கள் ஆனி, ஆடி இரண்டு மாதமும் கவரை மடித்து வைத்துவிட்டு, சுவரின் காற்று படாத பக்கத்தில் வண்டியை நிறுத்துங்கள்.